கழுத்துக்குக் கீழே

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் நாள். இணையத்தில் கேமரா முன் உட்காரும் ஆண்களுக்கென்று எழுதி வைத்திருக்கிற ஆலோசனைகளை நேற்று முழுக்கப் படித்தேன். எல்லாம் வெட்டி. ‘தன்னம்பிக்கையோடு இரு’, ‘புன்னகை செய்’. முகமே காட்டாதவன் எதை வைத்துப் புன்னகைப்பது? விளக்கு எத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும் என்று ஒருவன்கூட எழுதவில்லை.

ஆகவே நானே எழுதுகிறேன். பிரஷர் கேஜ்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் லேபில் நாலரை வருடம் வேலை பார்த்தவன். எதையும் இன்னார் இன்ன வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதிப் பழக்கம். முடிந்ததும் நேற்று படித்த அதே இணைய மன்றத்தில் தமிழிலேயே போட்டுவிடலாம். நம் ஆட்கள் நாலு பேராவது இருப்பார்கள்.

வேலை இதுதான்: காலை எட்டரைக்கு உட்கார வேண்டும். அப்போது அமெரிக்காவில் படுக்கப் போகிற நேரம். சட்டையைக் கழற்ற வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் எழுதுவதற்குப் பதில் எழுத வேண்டும், சில நேரம் வாயால் சொல்ல வேண்டும். இன்னும் கேட்பார்கள், அது அவரவர் எல்லை. பார்ப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். எனக்கு அதில் பிரச்சினை இல்லை. எனக்கு இதில் ஒன்றும் இல்லை. வேலை.

புதிதாக வருபவனுக்கு முதல் விதி: யாருக்குத் தெரியக்கூடாது என்பதை முதலில் முடிவு செய். எனக்கு, ஊர். பேராவூரணியில் அம்மா தனியாக இருக்கிறாள். தெருவில் ஒருவன் பார்த்துவிட்டால் அவளால் ரேஷன் கடை வரிசையில் நிற்க முடியாது. அதனால் கேமராவைத் தாழ்த்திக் கழுத்துக்குக் கீழே மட்டும். தளத்தின் அமைப்புகளில் எந்த நாட்டுக்குத் தெரியக்கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இந்தியாவுக்கு நேரே டிக் அடித்தேன். இரண்டு நொடி வேலை.

முதல் நாள் வந்தவர்கள் பதினொரு பேர். நான் அதிகம் தண்ணீர் குடித்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

டியூப் லைட் ஆகாது. உடம்பு ஐஸ் பெட்டி மீன் மாதிரித் தெரிகிறது. மஞ்சள் கலந்த பல்பு, இடது பக்கம், தோளுக்குச் சற்று மேலே, நாலடி தள்ளி. எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டை. தானாக ஃபோகஸ் செய்ய கேமராவை விடாதே. நீ அசையும்போதெல்லாம் அது உன்னைத் தேடித் தேடிக் கலங்கும். நெஞ்சுக்கு நேராக வைத்து லாக் செய்துவிடு. யுபிஎஸ்ஸை மோடத்துக்குப் போடு, லேப்டாப்புக்கு அல்ல. அதற்குத்தான் பேட்டரி இருக்கிறதே. எத்தனை பேர் இதில் தவறுகிறார்கள் என்று பார்த்தால் எரிச்சலாக வருகிறது.

பத்து மணிக்குக் கீழே ருக்மணி அக்கா கிரைண்டரைப் போட்டார். விளக்கு சட்டென்று மங்கியது. அவர் இந்த வீட்டின் சொந்தக்காரர். இங்கே கணபதி வட்டாரத்தில் பாதி வீடுகளுக்கு இட்லி மாவு அவருடையதுதான். மாடிக்குத் துணி காயப்போட வந்தவர் என்னை நிறுத்தினார்.

“ஏனுங் தம்பி, மேல கல்யாண வீடாட்ட வெளிச்சமா இருக்குது?”

“ஆன்லைன் டியூஷன்க்கா. கையை மட்டும் காட்டி சர்க்யூட் போட்டுச் சொல்லிக் குடுக்கணும். அதுக்குத்தான் லைட்டு.”

“அப்புடிங்களா. ஒரு நாளைக்கு மூணு சட்டை தொவைச்சுப் போடறீங். அத்தனை வேர்க்கற பாடமுங்களா?”

“பல்பு சூடுக்கா.”

“ஃபேனப் போட்டுக்கறது.”

போட்டால் மைக்கில் காற்றுச் சத்தம் வரும் என்று அவரிடம் எப்படிச் சொல்ல.

ஜூன் 7, வெள்ளி

முப்பது பேர்வரை வந்தார்கள். ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள். இரண்டாவது விதி: செய்ய மாட்டாதவற்றை முதலிலேயே எழுதி அறைப் பலகையில் போட்டுவிடு. கேட்ட பிறகு மறுத்தால் கெஞ்சுவான், திட்டுவான், உனக்கும் மனம் இளகும். பலகையில் இருந்தால் பலகையைக் காட்டினால் போதும். லேபில் மேனேஜர் கதவிலும் இப்படி எழுதி ஒட்டியிருக்க வேண்டும்: சோதிக்காத கேஜுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். நான் அதை வாயால், அதுவும் வாடிக்கையாளர் முன்னால் சொன்னேன். அன்று மாலையே வெளியே.

முடிந்ததும் விளக்கு வயரை எட்டுப் போட்டுச் சுற்றி ஆணியில் மாட்டினேன். எல்லோரும் முழங்கையில் வட்டமாகச் சுற்றுவார்கள். உள்ளே செம்பு முறுக்கேறிச் சீக்கிரம் அறுந்துவிடும். எட்டு மாதிரி இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று போட்டு, நுனியை இரண்டு கண்ணிக்குள்ளும் விட்டு இழுத்தால் எத்தனை வருடமானாலும் ஒன்றும் ஆகாது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. தஞ்சாவூர் பாலிடெக்னிக்கில் என்னோடு அறையில் இருந்த நீலமேகம் செய்து காட்டியது.

ஜூன் 8, சனி

விடுமுறை. மேசையை ஜன்னலுக்கு மாற்றினேன். திரும்ப இழுத்துப் போட்டேன்.

ஜூன் 12, புதன்

‘நூன்ஷிஃப்ட்’ என்ற பெயரில் ஒருவர் வருகிறார். மூன்று நாளாக, சரியாக ஒன்பதரைக்கு. பத்தேகாலுக்குப் போய்விடுகிறார். எதையும் கழற்றச் சொல்வதில்லை. முதல் நாள், இடது விளக்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் தோளில் நிழல் நன்றாக விழும் என்று ஆங்கிலத்தில் எழுதினார். தள்ளிப் பார்த்தேன், சரிதான். விஷயம் தெரிந்த ஆள். நேற்று, சாப்பாடு ஆச்சா என்று ஆங்கிலத்திலேயே கேட்டார். என்ன நாட்டுக்காரரோ. மற்றவர்கள் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

இட்லி என்று எழுதினேன். உடனே அழித்துவிட்டு, ஆச்சு என்று மட்டும் அனுப்பினேன். ஊர் தெரியும்படி எதுவும் எழுதாதே. இதுவும் விதிதான்.

ஜூன் 14, வெள்ளி

நூன்ஷிஃப்ட் வரவில்லை. கூட்டம் நன்றாகத்தான் இருந்தது. எனக்கென்ன. பத்தேகால்வரை பார்த்துவிட்டுச் சீக்கிரமே மூடினேன்.

மதியம் அம்மா பேசினாள்.

“தம்பி, ஒன் கூட்டாளி மேகம் வந்துட்டுப் போனான்டா. சிங்கப்பூர்லேருந்து பத்து நாள் லீவுல வந்திருந்தானாம். ஒன்னையத்தான் கேட்டான்.”

“எப்ப?”

“போன மாசம்டா. சொல்ல மறந்துட்டேன். அவனுக்கு ஆறு பொண்ணு பாத்தாச்சாம், எதுவுமே வேணாங்கிறானாம். அவுக ஆத்தா வந்து எங்கிட்ட அழுவுது. பழைய சண்டைய விட்டுட்டு நீ ஒரு வார்த்த சொல்லேன், ஒம்பேச்சக் கேப்பான்ல.”

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நான்கு கட்டமும் நிறைந்துதான் இருந்தது.

ஜூன் 17, திங்கள்

வந்தார். வெள்ளிக்கிழமை ஓவர்டைம் என்றார். நான் கேட்கவே இல்லை.

ஜூன் 19, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒன்பதே முக்காலுக்கு ருக்மணி அக்கா வழக்கத்துக்கு முன்னதாகவே கிரைண்டரைப் போட்டார். விளக்கு மங்கி, சிமிட்டி, நின்றது. இருபத்தெட்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பொறுமை கிடையாது. பல்பைக் கழற்றிக் கேமரா முன்னாலேயே வயரைச் சுருட்டினேன். பத்து நொடிகூட இருக்காது. கை பாட்டுக்குச் செய்தது.

சுருட்டி முடித்துத் திரையைப் பார்த்தால் நூன்ஷிஃப்ட் எழுதியிருக்கிறார். ஆங்கில எழுத்தில் தமிழ்.

‘இன்னும் எட்டுப் போட்டுத்தான் சுத்துறியாடா.’

மோடத்தைப் பிடுங்கினேன். யுபிஎஸ் கத்திக்கொண்டே இருந்தது.

ஜூன் 20, வியாழன்

என்னைப் போன்ற முட்டாளை எந்த லேபிலும் வேலைக்கு வைக்கக்கூடாது.

இந்தியாவைத் தடுத்தேன். எங்கள் தெருவில் முப்பத்தோரு வீடு. அதில் பத்தொன்பது வீட்டு ஆம்பளைகள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். மிச்சத்தில் பாதி துபாய், குவைத். தெருவில் இப்போது மீசை வைத்தவன் யாராவது நடந்தால் அது தபால்காரர். தெருவைக் காலி செய்துகொண்டு போன ஊரையெல்லாம் திறந்து வைத்துவிட்டு, யாரும் இல்லாத தெருவுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். ஒன்பதரை என்றால் அங்கே பன்னிரண்டு. சாப்பாட்டு இடைவேளை. நூன், நண்பகல் என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறது. நான் நேரத்தைக் கூட்டிப் பார்க்கவே இல்லை.

புதிதாக வருபவனே, மேலே எழுதிய முதல் விதியை அடித்துவிட்டேன். உன் ஊர் எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள். வரைபடத்தில் இருக்கிற இடத்தில் அது இருக்காது.

நான் எட்டுப் போட்டுச் சுற்றுவதைப் பார்த்தவர்கள்: பாலிடெக்னிக் லேப் அட்டெண்டர் சவரிமுத்து, இப்போதும் தஞ்சாவூரில்தான் இருக்கிறார், இணையம் தொடமாட்டார். முன்பெஞ்சு ரவிச்சந்திரனும் மாதவனும், இரண்டு பேரும் ஓசூர். இந்தியா தடுக்கப்பட்டிருக்கிறது. இவர்களுக்குத் தெரிய வழியில்லை.

பட்டியல் முடிந்தது.

ஜூன் 21, வெள்ளி

உட்காரவில்லை. மூன்று முறை மாடிப்படி ஏறி இறங்கினேன். காலையில் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஏழு செய்தி. உடனே திறந்தேன். ஆறு குட் மார்னிங், ஒன்று தண்ணீர்த் தொட்டி கழுவுவது பற்றி.

அம்மா அழைத்தாள். எடுக்கவே ஒரு நிமிடம் ஆனது.

“கேஸ் புக் பண்ண ஓடிபி வந்துச்சா பாருடா.”

“வந்துச்சு. வேற?”

“வேற என்ன?”

“ஒண்ணுமில்ல. யாராச்சும் ஏதாச்சும் சொன்னாகளா?”

“என்னத்தச் சொல்லுவாக? ஏன்டா, ஒடம்புக்குச் சரியில்லையா?”

எண்ணைச் சொல்லிவிட்டு வைத்தேன்.

ஜூன் 22, சனி

இன்றும் இல்லை. ருக்மணி அக்கா வீட்டு ஃப்யூஸைச் சரி செய்தேன். கிரைண்டருக்குத் தனி வயர் இழுத்துக் கொடுத்தேன். இதை முதல் வாரமே செய்திருந்தால் விளக்கு அணைந்திருக்காது. வயரை நான் சுருட்டியிருக்கவும் மாட்டேன்.

ஜூன் 24, திங்கள்

தளத்தைத் திறந்தேன். நேரலைக்கு அல்ல, கணக்கை அழிக்க. வராத நாளில் யாராவது எழுதினால் அது உள்பெட்டியில் இருக்கும். புதன்கிழமை மதியமே ஒன்று வந்து கிடந்தது.

‘பயப்படாத. எவங்கிட்டயும் சொல்லமாட்டேன். போன வாரமே சந்தேகம், குரல் கேட்டதுலேருந்து. ஒங்கிட்டகூட சொல்லாம பாத்துட்டுப் போயிடலாம்னுதான் இருந்தேன். கையப் பாத்ததும் முடியல. வேணும்னா சிங்கப்பூரையும் பிளாக் பண்ணிக்க. நான் தப்பா நெனைக்கமாட்டேன்.’

பட்டியலில் ஒரு பெயரை விட்டுவிட்டேன். வேண்டுமென்றே விட்டேன். எட்டைக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான்.

நீலமேகத்தோடு எனக்கு ஒரு தகராறு என்று அம்மாவிடம் ஐந்து வருடமாகச் சொல்லி வைத்திருக்கிறேன். ப்ராஜெக்ட் ஒர்க்கில் சண்டை என்று. ப்ராஜெக்டில் சண்டை இல்லை. கடைசி செமஸ்டரில், மழை பெய்து பரீட்சை தள்ளிப்போன ஒரு மதியம், அறையில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னான். சொல்ல வெகு நேரம் எடுத்துக்கொண்டான். நான் நேரமே எடுத்துக்கொள்ளவில்லை. “தொடாத. வெளிய போ” என்றேன். மூன்று சொல். அவன் அறையும்தான் அது. போய்விட்டான். இரண்டு மாதத்தில் சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்கு. திருச்சி ஏர்போர்ட்டுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினான். நான் பேருந்து நிலையம்வரை போய்த் திரும்பினேன்.

அன்று நான் எதற்குப் பயந்தேன் என்பது எனக்கு அன்றே தெரியும். அவனைக் கண்டு பயப்படவில்லை.

இப்போது தினமும் முப்பது ஆம்பளைகள் முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு, எனக்கு இதில் ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜூன் 3-ஐத் திரும்பப் படித்தேன். சோதிக்காமல் கையெழுத்துப் போட்ட சான்றிதழ்.

ஜூன் 26, புதன்

ருக்மணி அக்கா மேலே வந்துவிட்டார்.

“தம்பி, அந்த லைட்டையெல்லாம் சும்மாதான வெச்சிருக்கறீங். எனக்கு மாவு யாவாரத்துக்கு ஒரு வீடியோ எடுத்துக் குடுங்களே. வாட்ஸ்அப்புல போடோணும்.”

அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். எனக்கு எழுதியதையே அவருக்கும் சொன்னேன். திரையில் உங்களைப் பார்க்காதீர்கள், லென்ஸைப் பாருங்கள். கை அதிகம் ஆட்டாதீர்கள். கேள்வி வந்தால் உடனே பதில் வேண்டாம், மூச்சு விட்டுச் சொல்லுங்கள். கேமராவை வழக்கம்போலத் தாழ்த்தி மாவுப் பாத்திரத்தைக் காட்டினேன்.

“ஏனுங், பாத்தரத்த மட்டுமா காட்டறீங்?”

“மாவுதானேக்கா விக்கணும்?”

“மூஞ்சி இல்லாத மாவ எவ வாங்குவா? எல்லாக் கடைலயுந்தான் மாவு இருக்குது. ருக்மணி மாவுன்னுதான வாங்கறாங். நிமுத்துங் மேல.”

நிமிர்த்தினேன். நெஞ்சளவில் லாக் செய்த ஃபோகஸை எடுத்துவிட மறந்துவிட்டேன். முதல் தடவை அவர் முகம் கலங்கலாக வந்தது. “என்னுங்க தம்பி, தண்ணிக்குள்ள கெடக்கறனாட்டம் இருக்கறேன்” என்றார். இரண்டாவது தடவை சரியாக வந்தது. இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேசினார், ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. போகும்போது, “நீங்களும் மூஞ்சியக் காட்டியே பாடம் நடத்துங். பசங்க கவனிப்பாங்” என்றார்.

ஜூன் 28, வெள்ளி

மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, கணக்கை அழிப்பது. ஒரு பட்டன்.

இரண்டு, சிங்கப்பூரைத் தடுத்துவிட்டுத் தொடர்வது. ஒரு டிக். அவனே அனுமதி கொடுத்துவிட்டான்.

மூன்று, அம்மாவிடம் எண் வாங்கி அழைப்பது. வாங்கிவிட்டேன். எட்டு முறை திறந்து எட்டு முறை மூடினேன். அழைத்தால் அவன் எடுத்தே ஆக வேண்டும், பதில் சொல்லியே ஆக வேண்டும். போ என்று விரட்டியவன், வா என்று அழைத்தால் அதுவும் அதிகாரம்தான். அவன் தானாக வரவேண்டும். வராமலும் இருக்கலாம். அந்த உரிமை பார்ப்பவனுக்குத்தான் இருக்கிறது, மூன்று வாரத்தில் எனக்குப் புரிந்த ஒரே விஷயம் அது.

நான்காவதாக ஒரு வழி இருக்கிறது. எழுதப் பயமாக இருக்கிறது.

ஜூன் 30, ஞாயிறு

முடி வெட்டிக்கொண்டேன். கடைக்காரர், பொண்ணு பார்க்கவா என்றார். இல்லை, இன்டர்வியூ என்றேன்.

ஜூலை 1, திங்கள்

அமைப்புகளைத் திறந்தேன். நாடுகளின் பட்டியல் நீளம். மேலே ‘அனைத்தையும் தேர்வு செய்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் அடித்தேன். ஆப்கானிஸ்தானிலிருந்து கடைசிவரை எல்லாம் தடுக்கப்பட்டன. என் முப்பது பேர், பலகையைப் படிக்காமல் கெஞ்சுகிற ஆள், துபாய், குவைத், எல்லாரும். பிறகு பட்டியலில் கீழே இறங்கி ஒரே ஒரு டிக்கை எடுத்தேன்.

சிங்கப்பூர்.

எங்கள் தெருவின் பத்தொன்பது வீடும் அங்கேதான் இருக்கிறது. தெரியும். அவர்களில் யாரும் நாளை ஒன்பதரைக்கு இந்தத் தளத்துக்கு வரமாட்டார்கள் என்று என்னால் சான்றிதழ் தர முடியாது. வந்தால், அம்மாவிடம் நானே முதலில் சொல்லிவிட வேண்டும். அதற்கான வாக்கியத்தை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கும் மோசம். ஐந்தாவது கொஞ்சம் பரவாயில்லை.

உள்பெட்டியில் அவனுக்கு எதுவும் எழுதவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

ஒன்பது மணிக்கே உட்கார்ந்தேன். நீலக் கட்டம் போட்ட சட்டை, மேல் பட்டன்வரை போட்டேன். கேமராவைக் கழுத்துக்கு மேலே நிமிர்த்தினேன். பார்ப்பவர் என்ற இடத்தில் பூஜ்யம். ஒன்பதரை. பூஜ்யம். ஒன்பது முப்பத்தாறு. கீழே கிரைண்டர் ஓடியது. விளக்கு மங்கவில்லை, நான் இழுத்த வயர் நன்றாக இருக்கிறது. ஒன்பது நாற்பது. அப்படியே மூடிவிடலாம் என்று கையை நீட்டினேன்.

ஒன்று என்று மாறியது.

யார் என்று தெரியாது. பெயர் வரும்வரை பத்தொன்பது வீடும் கண்ணுக்குள் ஓடியது. பிறகு நூன்ஷிஃப்ட் என்று வந்தது.

நான்தான் ஆரம்பித்தேன்.

“அன்னிக்கி நான் சொன்னது தப்பு மேகம். வெளிய போகச் சொல்லிருக்கக் கூடாது. கையையும் எடுத்திருக்கக் கூடாது.”

எழுதுகிறான் என்பதற்கு மூன்று புள்ளி ஆடும். ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது.

‘மூஞ்சி கலங்கலாத் தெரியுது. ஃபோகஸ லாக் பண்ணி வச்சிருக்க.’

போன வாரம் இதே தவறை ருக்மணி அக்காவிடம் செய்தேன். அவர் போனதும் பழக்கத்தில் திரும்ப நெஞ்சளவில் லாக் செய்து வைத்திருக்கிறேன். புதிதாக வருபவனுக்கு விதி எழுதுகிறவன். அமைப்பைத் தேடினேன்.

“எடுத்துர்றேன் இரு. அது தேடிப் பிடிக்க ரெண்டு செகண்டு ஆகும்.”

‘ஆகட்டும்’ என்று எழுதினான். ‘அஞ்சு வருசம் ஆச்சு. ரெண்டு செகண்டு என்ன.’